இரண்டு சாயா

மூஞ்சிக்கல்லில் எனக்கு மருந்துக்கடை.
ஒட்டின கடை பீரானுடையது.
சீசனில் திருச்சூர் வண்டிகள் வந்து நின்றால்
நாளுக்கு நூறு தடவை
என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்:
"சேட்டா, ரெண்டு சாயா."
இருபத்தாறு வருடம் ஆயிற்று.
இன்னமும் பாதி திரும்பிவிட்டுத்தான்
மாத்திரையை விட்ட இடத்திலிருந்து எண்ணுகிறேன்.

அப்பா சூரிய ஆய்வகத்தில் கண்ணாடித் தகடு கழுவினார்.
காலையில் மேகம் விலகினால் சூரியனைப் படம் எடுப்பார்கள்,
விலகாவிட்டால் பதிவேட்டில் ஒரு கோடு.
நான் பிறந்த நவம்பரில்
பத்தொன்பது நாளும் கோடு.
இருபதாம் நாள் வெயில் வந்ததாம்.
தூளிச் சேலையின் நிழல் சுவரில் ஆடியதாம்.
அதைப் பார்த்து வைத்த பெயராம்.

கதையும் சொல்வார்:
சூரியனின் முதல் மனைவி சஞ்ஞை.
சூடு தாளாமல் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள்.
கிளம்பும்போது தன் நிழலைப் பிடித்து நிறுத்தி,
நீ இரு, பிள்ளைகளைப் பார்,
யாரிடமும் சொல்லாதே என்றாள்.
அந்த நிழல்தான் சாயா.

பிற்பாடு அகராதியைப் புரட்டினேன்.
சஞ்ஞை என்றால் பெயர் என்று போட்டிருந்தது.
ஆக, பெயர் ஓடிப்போன வீட்டில்
குடித்தனம் நடத்தியவள்.
பள்ளியில் இதெல்லாம் எடுபடவில்லை.
சாயாவின் மகன் சனி என்று எவளோ கண்டுபிடித்து
சனிக்கிழமைகளில் என் பெஞ்சைக் காலி செய்தார்கள்.

அம்மா வீருத்தாயின் கதையில் சூரியனே இல்லை.
"நெழலாவது மண்ணாவது.
கல்கத்தா ஆபீசரு சம்சாரம் பேரு அது.
நெறமாசத்துல எனக்குச் சொட்டர் குடுத்துச்சு.
பச்சைக் கலரு, முழங்கையில ஒரு ஓட்டை.
திருப்பிக் குடுக்க எங்கிட்ட என்ன இருந்துச்சு?
உம்பேரைக் குடுத்தேன்."

அந்தம்மாள் மாற்றலாகிப் போனபோது
நான் தவழ்ந்துகொண்டிருந்தேன்.
கடிதம் ஏதும் வந்ததில்லை.
மலையில் தன் பெயர் ஒன்று
வளர்ந்து, மணமாகி, கடை வைத்ததெல்லாம்
அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.
சொட்டர் இருக்கிறது.
ஓட்டையை அம்மா தைக்கவில்லை.

மூன்றாவது ஆள், ரேஷன் கார்டு எழுதியவர்.
"சாயாவா? டீ மாதிரியில்ல இருக்கு" என்று
மாரியாள், பொன்னாள் வரிசையில்
என்னையும் சேர்த்து
சாயாள் என்று போட்டுவிட்டார்.
ஒரேயொரு ள்.
திருத்த மூன்று நடை தாலுகா ஆபீஸ் போனேன்.
மூன்று நாள் வியாபாரம் போனது,
ள் போகவில்லை.
வாக்காளர் அட்டைக்குத் தாவி
அங்கிருந்து வங்கிப் புத்தகத்துக்கும் வந்துவிட்டது.

போன ஐப்பசியில் கரை சரிந்து
கடைக்குப் பின்னாலிருந்த தைலமரம் கூரையில் விழுந்தது.
இழப்பீட்டு மனுவை வி.ஏ.ஓ. வாய்விட்டுப் படித்தார்:
"சாயாள்... மரம் சாய்ந்து..."
அவர் சிரிக்கவில்லை,
கதவு எண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.
ஈரச் செருப்போடு நின்ற எனக்கு
பத்தாம் வகுப்பு இலக்கணம் எங்கிருந்தோ வந்தது.
உண்ணாள். உறங்காள். செல்லாள்.
சாயாள்.
தப்பாக எழுதிய ஒரு கை
முழு வாக்கியம் ஒன்றை எழுதியிருக்கிறது.
சீனியும் பாமாயிலும் வாங்கும் அட்டையில்
இத்தனை வருடம் அதை
மடித்து மடித்து வைத்திருக்கிறேன்.

கடைக்கு வந்த அம்மாவிடம் சொன்னேன்,
கொஞ்சம் பெருமையாகவே.
"சாயாமயே நின்னா இடுப்பு விட்டுப் போயிரும்.
செத்த நேரம் சாஞ்சுக்க" என்று
ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டாள்.
சாய்ந்துகொண்டேன்.
தார்ப்பாயில் பனி சொட்டியது.

பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள்.
நான் திரும்பினேன், வழக்கம்போல.
அம்மாவும் திரும்பினாள்.
அவள் பார்த்தது என்னை அல்ல,
தெருவை.